சர்க்கரை நோய்: எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்து கிடக்கிறது பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. சுரபுன்னை மரங்கள் முட்டுக் கொடுத்தாற்போல வேர்களை நீரில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரங்களோ சேற்றிலிருந்து மூச்சு வேர்களை ஈட்டி முனைகளைப் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வேர்களில் ஒட்டி வளரும் சிப்பிகளின் விளிம்பு கத்தியைப் போலக் கூரியது. இந்தக் கால்வாய்களில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்தவாறு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களையும், படகேறி வலை வீசும் மீனவர்களையும் நாள்தோறும் காணலாம்.

இவர்களுள் ஒருவரை நாம் எண்ணிக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. ஊரில் நடந்த மருத்துவ முகாமில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்றார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். ஆனால் அவருக்கு எங்கும் வலியில்லை, பசி இருக்கிறது, வேலை செய்ய முடிகிறது. "இதற்குப் போய் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா?" என்று அவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. அதே மனிதர் காலில் குத்திய முள்ளுக்கும், "வலிக்கவே இல்லையே" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், அது காலையே இழக்கும் தவறாக முடியலாம்.

ஆகவே, புதிதாக இந்நோய் கண்டவர் முதலில் கற்க வேண்டிய பாடம், எதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதே. சில தொல்லைகளுக்குக் கெடு நிமிடக் கணக்கு. சிலவற்றுக்கு மணிக் கணக்கு. சிலவற்றுக்கு நாள் கணக்கு. மற்றவற்றுக்கு ஆண்டுக் கணக்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடலில் நடப்பது என்ன?

நாம் உண்ணும் சோறு செரித்து குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளும் பிற திசுக்களும் எடுத்துக்கொள்ள இன்சுலின் என்னும் ஹார்மோன் உதவுகிறது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில், லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் சிறு உயிரணுக் கூட்டங்கள் இதைச் சுரக்கின்றன. இன்சுலின் சுரப்பது நின்றுபோனால் அது முதல் வகை நீரிழிவு. பெரும்பாலும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் வருவது. இன்சுலின் சுரந்தும் போதாமல் போவது அல்லது அது உடலில் சரிவர வேலை செய்யாமல் போவது இரண்டாம் வகை. நம் நாட்டில் மிகப் பெரும்பாலோர்க்கு இருப்பது இதுதான்.

இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு (அதாவது 100 மில்லிலிட்டருக்கு) ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த இயலாது. சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது நீரையும் இழுத்துச் செல்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிவதும், தாகம் எடுப்பதும், உடல் மெலிவதும் இதனால்தான். இச்சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டை இந்திய மருத்துவர்கள் கண்டு 'மதுமேகம்' என்று பெயரிட்டனர். 1776இல் மாத்யூ டாப்சன் என்ற ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி, அதில் எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். 1889இல் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. குற்றவாளி கணையமே என்பது அன்று தெரிந்தது.

1922 ஜனவரி 11ஆம் நாள், கானடாவின் டொரன்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. பேண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த அந்த முதல் மருந்து அவ்வளவாகப் பயன் தரவில்லை. காலிப் என்பவர் தூய்மைப்படுத்திய மருந்தை அம்மாதம் 23ஆம் நாள் போட்டபின் சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன்பு முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைக்கு மருத்துவர்களால் தர முடிந்தது பட்டினிச் சிகிச்சை ஒன்றே. இன்று மருந்து இருக்கிறது. ஆகையால் இன்று ஒருவர் இந்நோயின் அவசர நிலையால் இறந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் காலதாமதமே.

முதல் வேலை: உறுதி செய்வது

முகாமில் விரல் நுனியில் எடுத்த சொட்டு ஓர் எச்சரிக்கை மட்டுமே. முழங்கை நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ; 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல்; மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். இவற்றுள் ஒன்று இருந்தால் நீரிழிவு எனலாம். நோய்க்குறி ஏதும் இல்லாதவர்க்கு இன்னொரு பரிசோதனையும் அதையே காட்ட வேண்டும். இதற்குச் சில நாட்கள் பொறுக்கலாம், தவறில்லை. ஆனால் தாகம், மெலிவு, வாந்தி உள்ளவர் ஒரு நாளும் பொறுக்கலாகாது.

நிமிடக் கணக்கு: சர்க்கரை குறைந்தால்

சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை குறைவதும் ஆபத்து என்றால் பலர் வியப்பர். இது நோயால் வருவதன்று. மருந்தும் உணவும் வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் வருவது. இன்சுலின் போடுவோர்க்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போர்க்கும் இது நேரலாம். மெட்ஃபார்மின் மட்டும் உண்போர்க்கு அரிது.

நம் மீனவரையே பாருங்கள். விடியற்காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, 'வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்' என்று படகேறுகிறார். மூன்று மணி நேரம் துடுப்பு வலிக்கிறார். மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. தசைகள் சர்க்கரையை எரிக்கின்றன. வயிற்றிலோ ஒன்றும் இல்லை. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மேலும் இறங்கினால் பேச்சு குழறுகிறது, குடித்தவர்போல் தடுமாறுகிறார், நினைவு தப்புகிறது. மது அருந்தியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பக்கத்தில் இருப்பவரும் 'போதை' என்றே விட்டுவிடுவர்.

இதற்கு மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன் வாயில் சர்க்கரை போக வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். இது ஏறத்தாழ 15 கிராம். 15 நிமிடம் பாருங்கள். சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். தெளிந்ததும் சோறோ இட்லியோ உண்ண வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஆம்புலன்சை அழையுங்கள். மேற்சொன்ன மாத்திரைகளால் மயங்கியவர் கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை. ஏனெனில் அம்மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மீண்டும் இறங்கும். படகில் செல்வோர் ஈரம் புகாத சிறு டப்பாவில் சர்க்கரை வைத்திருப்பது நன்று.

நெஞ்சு வலி, திடீரென ஒரு பக்கம் கைகால் விழுவது, வாய் கோணுவது ஆகியவையும் நிமிடக் கணக்கில் சேர்ந்தவையே. நீரிழிவு உள்ளவர்க்கு மாரடைப்பு சில வேளை வலியே இல்லாமல், மூச்சு வாங்குவதும் குளிர்ந்த வியர்வையும் மட்டுமாக வரக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மணிக் கணக்கு: சர்க்கரை மிகுந்தால்

இன்சுலின் அறவே இல்லாதபோது உடல் சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதன் விளைவாகக் கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேர்கின்றன. வாந்தி, வயிற்று வலி, நாவறட்சி, அசதி தோன்றுகின்றன. அமிலத்தை வெளியேற்ற உடல் முயல்வதால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. இதனை 1874இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் விளக்கினார். மூச்சில் பழுத்த பழத்தின் மணம் வீசும். 'வயிற்றுக் கோளாறு' என்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்தால் சில மணி நேரத்தில் நினைவு தப்பலாம். மருத்துவமனையில் நரம்பு வழியே நீரும் இன்சுலினும் ஏற்றினால் மீளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். இரவில் படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கிறது, ஓயாமல் தண்ணீர் கேட்கிறது, இளைக்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல், இரத்தம் பார்க்க வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு 'சாப்பிடவில்லையே' என்று இன்சுலினை நிறுத்துவதும், நாட்டு மருந்தை நம்பி ஊசியைக் கைவிடுவதும் உயிருக்கே உலை வைக்கும் செயல்கள். காய்ச்சல் நாட்களில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடவே செய்யும்.

முதியவர்க்கு வருவது வேறொரு விதம். கீட்டோன் அதிகம் சேராமல், சர்க்கரை மட்டும் 600க்கும் மேலே ஏறி, உடலின் நீர் வற்றி, நாட்கணக்கில் மெல்ல மெல்ல உறக்க நிலைக்குப் போவார். 'வயதாகிவிட்டது, தூங்குகிறார்' என்று வீட்டார் நினைப்பர். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரை உண்போர்க்கு மற்றோர் எச்சரிக்கை: சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் சேரக்கூடும். எனவே வாந்தியும் வேக மூச்சும் இருந்தால், கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது.

ஆக, எது குடித்தாலும் வயிற்றில் தங்காத வாந்தி, ஆழ்ந்த வேக மூச்சு, இயல்பை மீறிய உறக்கம் அல்லது குழப்பம், உடல்நலக் குறைவோடு 300க்குக் கீழே இறங்காத சர்க்கரை ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்று இரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரெனப் பார்வை மறைவதும், கண்முன் கரும்புள்ளிகள் கொட்டுவதும் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

நாள் கணக்கு: வலிக்காத புண்

இனி நம் சதுப்புநிலத்திற்கே திரும்புவோம். நீண்ட நாள் மிகுந்த சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது. முதலில் கெடுவன உடலின் மிக நீண்ட நரம்புகள். அதாவது பாதத்துக்குச் செல்பவை. சிலர்க்கு எரிச்சலும் மதமதப்பும் தெரியும். சிலர்க்கு ஒன்றுமே தெரியாது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார்கள். அத்தகையவர் காலில் மூச்சு வேரோ சிப்பியோ குத்தினால் வலிக்காது. வலி என்பது உடல் அடிக்கும் மணி. இங்கு மணியே அறுந்துவிட்டது. எனவே 'வலிக்கவில்லை' என்பது நல்ல செய்தியன்று. அதுவே நோயின் அடையாளம்.

இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. உள்ளே சீழ் பரவி எலும்பைத் தொடும். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. உலகின் பல கடற்கரைகளில் காயத்தின் வழியே புகுந்து சில மணி நேரத்திலேயே திசுக்களை அழிக்கும் இக்கிருமி, கல்லீரல் நோயும் நீரிழிவும் உள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது. உப்பங்கழியில் காயம் பட்ட இடம் சிவந்து பரவினால், கொப்புளம் எழுந்தால், காய்ச்சல் வந்தால், அது நாள் கணக்கு அன்று. உடனே கிளம்ப வேண்டும்.

மற்றபடி, பாதத்தில் எந்தப் புண்ணானாலும் ஒரு நாளுக்குள் காட்டிவிடுவதே விதி. அதற்குமுன் நல்ல தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் வேண்டா. கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டா. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வெந்துபோனவர் பலர். வேலை முடிந்து வந்ததும் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். சேற்றில் இறங்குவோர் கனத்த அடியுள்ள ரப்பர் காலணி அணிவது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். கருவுற்ற பெண்களுக்கு ஒரு தனிச் செய்தி. கர்ப்பிணிகள் அனைவர்க்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழகம் 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டாக்டர் வி. சேஷய்யாவின் உழைப்பு இதற்குப் பின்னால் உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140ஐ எட்டினாலே சிகிச்சை தேவை. ஏற்கெனவே மாத்திரை உண்ணும் பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போனால், அந்த வாரமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

காத்திருக்கத் தக்கவை

அஞ்சத் தேவையற்றவையும் உண்டு. விருந்துக்குப் பின் ஒருமுறை சற்று அதிகமான எண் கண்டால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை; குறித்து வைத்து அடுத்த முறை காட்டினால் போதும். மெட்ஃபார்மின் தொடங்கியதும் சிலர்க்கு வயிறு பொருமும். உணவோடு சேர்த்து உண்டால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் பார்வை லேசாக மங்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்வில்லையின் நீர் அளவு மாறுவதே காரணம். அது நிலைப்படும்வரை புதுக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கு: தெரியாமல் நடக்கும் கேடு

இரண்டாம் வகை நீரிழிவு தெரியவரும் முன்பே சில ஆண்டுகள் உடலில் இருந்திருக்கும். பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வொன்றில், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புச் சேதத்தின் அடையாளம் இருந்தது. ஆகையால் இவ்வகை நோயாளிகள் தொடக்கத்திலேயே நான்கு சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்: கண்பாவையை விரித்து விழித்திரை பார்த்தல், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும், மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சி, இரத்த அழுத்தமும் கொழுப்பும். பின்பு ஆண்டுதோறும் இவை வேண்டும். விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வை குறைவதில்லை. பார்வை குறையும்போது பெரும்பகுதி கெட்டிருக்கும்.

இது சிலருடைய தொல்லையன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை பேரும் பெரிய நகர மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா? வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டமாக அன்றிருந்த பகுதியில், சூனாம்பேட்டைச் சுற்றியுள்ள 42 கிராமங்களில் 2006இல் ஒரு திட்டம் தொடங்கியது. கருவிகள் பொருத்திய ஊர்தி ஊர் ஊராகச் சென்று இரத்தமும் கண்ணும் பாதமும் பார்த்தது. விழித்திரைப் படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்னைக்குச் சென்றன. அங்கே சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களையே சென்னைக்கு அனுப்ப நேர்ந்தது. அருகிலேயே ஒழுங்கான கவனிப்பு இருந்தால் போதும் என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பெரும் வசதிதான். ஆனால் மாத்திரை வாசலுக்கு வருவதால் ஆண்டுப் பரிசோதனையை மறந்துவிடக் கூடாது. பிச்சாவரத்தார்க்கு ஆரம்ப சுகாதார நிலையமும், அதற்கு மேல் சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன.

கடலூர்க் கரையோரத்துக்கு மேலும் ஒரு சொல். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் அடித்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. புயல் எச்சரிக்கை வந்தவுடனே இரண்டு வாரத்துக்கான மருந்தை வாங்கி வைத்துவிடுங்கள். குளிர்பெட்டி இல்லாவிட்டால், இன்சுலின் குப்பியை நீர் புகாத பையிலிட்டு, ஈரமணல் நிரப்பிய மண்சட்டியின் நடுவே நிழலில் வைக்கலாம். அது உறையவும் கூடாது, வெயில் படவும் கூடாது.

கடலோடிகளுக்கு ஓர் அறிவு உண்டு. எந்த மேகம் கலைந்துவிடும், எந்த மேகத்தைக் கண்டால் வலையை அறுத்துவிட்டாவது கரை திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொரு மேகத்துக்கும் அஞ்சுவதில்லை. எல்லா மேகத்தையும் அசட்டை செய்வதுமில்லை. புதிதாக நீரிழிவு கண்டவர் தம் உடலைப் பற்றி இத்தகைய அறிவைத்தான் பெற வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் இன்று மாலையே தம் வீட்டில் சர்க்கரை நோயுள்ள ஒருவரின் உள்ளங்காலை விளக்கைப் பிடித்துப் பார்க்கட்டும். கடைசியாக விழித்திரை பார்த்தது எந்த ஆண்டு என்றும் கேட்கட்டும். ஒரு காலையோ இரு கண்களையோ காப்பாற்ற அதுவே தொடக்கமாகலாம்.